இரண்டாவது கதவு திறக்கும் வரை

மெல்பேர்னின் தென்கிழக்கில் உள்ள ஒரு சிறிய அலுவலகத்தில், கடைகளின் உள்ளமைப்பை வரைவது என் வேலை. நாங்கள் ஏழு பேர். ரொட்டிக் கடை, பல் வைத்தியசாலை, நகத்துக்கு வர்ணம் பூசும் நிலையம் என்று எது வந்தாலும் செய்வோம். கோடை விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த வாரத்தில் முதலாளி என் மேசையில் ஒரு கோப்பை வைத்தார். "இது உனக்கு. வந்திருப்பவர் உன் மொழி பேசுகிறவர்" என்றார்.

வந்திருந்தவர் ஒரு மருந்தாளர். கோயம்புத்தூர்க்காரர், ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். டார்னெய்ட்டில் வீடு. கிரான்பர்னுக்குப் போகும் வீதியில் ஒரு கடைத்தொகுதியில், துணி வெளுக்கும் கடையாக இருந்த இடத்தை எடுத்திருந்தார். நகரத்தின் ஒரு மூலையில் குடியிருந்துகொண்டு மறு மூலையில் ஏன் கடை என்று கேட்டேன். இங்கேதான் இடம் கொடுத்தார்கள் என்றார். மற்ற எல்லா இடத்துச் சொந்தக்காரர்களும் என்ன விற்கப் போகிறார் என்று கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டார்களாம்.

"கஞ்சாதாங்க," என்றார். "டாக்டர் எழுதிக் கொடுத்தவங்களுக்கு மட்டும். எண்ணெய், காப்ஸ்யூல், காஞ்ச பூ. ஆனா அந்த வார்த்தையை கடையில எங்கேயும் எழுதக் கூடாது. இலைப் படம் போடக் கூடாது. ஷோகேஸ்ல ஒண்ணும் வைக்கக் கூடாது. வெளியில நின்னு பாத்தா உள்ள என்ன விக்கிறாங்கன்னே தெரியக் கூடாது. ஆனா வர்றவங்களுக்குப் பயமா இருக்கக் கூடாது. பண்ண முடியுமா?"

"முடியும்" என்றேன். பதினைந்து வருடம் கடை வரைந்த திமிர் எனக்கு இருந்தது.

அடுத்த வாரம் அந்த வெறுங்கடைக்குள் நாங்கள் நாலு பேர் நின்றோம். மருந்தாளர், நான், காப்புறுதி நிறுவனம் அனுப்பிய பாதுகாப்பு ஆலோசகர், கவுண்டரில் வேலை செய்யப்போகிற ஒரு பெண். ஆலோசகர் முன்னாள் பொலிஸ்காரர். நல்ல உயரம், மெதுவான பேச்சு. கையில் நீல நிற ஒட்டுநாடா வைத்திருந்தார். நான் வாசலில் இருந்து கவுண்டர் வரை ஒரே மண்டபமாக, மர நிறத்தில் இருக்கைகளோடு வரைந்து கொண்டுபோன படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து, வாசலில் இருந்து இரண்டு எட்டு தள்ளி நிலத்தில் ஒரு நீலக் கோடு ஒட்டினார்.

"இங்கே இரண்டாவது கதவு," என்றார். "முதல் கதவு மூடினால்தான் இது திறக்கும். இது மூடினால்தான் அது திறக்கும். உள்ளே விடுகிற பொத்தான் கவுண்டரில் இருக்கும். ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும்."

"நோயாளிகள் வருகிற இடம்," என்றேன்.

"உள்ளே இருக்கிற சரக்கு தெருவில் விற்கக்கூடியது. அதுவும் ஒவ்வொரு நாளும் இங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கதவு இல்லையென்றால் காப்புறுதி இல்லை. காப்புறுதி இல்லையென்றால் கடை இல்லை."

நான் மருந்தாளரைப் பார்த்தேன். அவர் கவுண்டரில் வேலை செய்யப்போகிற பெண்ணைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைக்காரி, கழுத்தில் மூக்குக்கண்ணாடி ஒரு சங்கிலியில் தொங்கியது. தான் முன்பு வேலை செய்த மருந்துக் கடையில் ஒருவன் கத்தியோடு கவுண்டரைத் தாண்டிக் குதித்தான் என்றார். கத்தியை இங்கே வைத்தான் என்று தன் காதுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். பட்டப்பகலில், ஒரு அம்மா குழந்தைக்கு இருமல் மருந்து வாங்கிக்கொண்டு நிற்கும்போது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் வேலைக்குப் போகவில்லை.

"இரண்டு கதவு இருந்தால் நான் வருவேன்," என்றார். அதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை. தன்னால் எது முடியும், எது முடியாது என்பதைத் தெரிந்துகொண்டவரின் குரலில் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் கதவைப் பற்றி வாதாடவில்லை. கதவோடு எப்படி ஒரு நல்ல கடையைச் செய்வது என்று யோசித்தேன். அடுத்த ஐந்து மாதம் அதுதான் என் வாழ்க்கை. பூவின் வாசம் புட்டியையும் பெட்டகத்தையும் தாண்டி வரும், பக்கத்துக் கடை கேக் விற்பவர் நகரசபைக்கு எழுதிப்போட்டார், ஆகவே காற்றை வடிகட்டி வெளியேற்றும் குழாயை மூன்று தடவை இடம் மாற்றினேன். கவுண்டரை உயரமாக வை என்றார் ஆலோசகர். சக்கர நாற்காலியில் வருபவர்கள் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றேன் நான். கடைசியில் ஒரு பக்கம் தாழ்த்தி, தடித்த கண்ணாடி போட்டுச் சமாளித்தோம். இரண்டு கதவுகளுக்கும் நடுவே சக்கர நாற்காலி ஒன்று தாராளமாகத் திரும்ப இடம் விட்டேன். அந்த இடத்துக்கு நல்ல வெளிச்சம் போட்டேன். சுவரை இளம் மண் நிறமாக்கினேன். கட்டட அனுமதி தருகிற பரிசோதகர் வந்து, நெருப்புப் பிடித்தால் நடுவில் இருப்பவர் எப்படி வெளியே போவார் என்று கேட்டார். தோள் உயரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி வைத்தோம். அதன் கண்ணாடியை விரலால் அழுத்தி உடைத்தால் தெருக்கதவு எந்த நேரமும் திறக்கும். ஆலோசகருக்கு அது பிடிக்கவில்லை. பரிசோதகர் விடவில்லை. எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னது நான்.

கடை திறந்த அன்று மருந்தாளர் பால் காய்ச்சவில்லை, பூசை செய்யவில்லை. "கஞ்சாக் கடைக்கு எந்த ஐயரைக் கூப்பிடறது?" என்று சிரித்தார். ஒரு பெட்டி மைசூர்பாகு மட்டும் வாங்கி வந்திருந்தார். முதல் வாரம் சும்மா போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மூட்டு வாதத்தால் விரல் மடங்கிப்போன ஒரு கிழவி, புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி உதிர்ந்த ஒரு ஆசிரியை, முதுகு உடைந்த ஒரு கொத்தனார். அவர்கள் முதல் கதவைத் திறந்து, ஒரு கணம் நின்று, இரண்டாவது கதவு திறக்க, உள்ளே வந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கிழவி என் இருக்கையைத் தடவிப் பார்த்து, வைத்தியசாலை மாதிரி இல்லை, நன்றாக இருக்கிறது என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது நான் காரில் தனியாகச் சிரித்தேன்.

இனி என் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் படிக்க வந்தவள். விமானத்தில் வந்து, விசா எடுத்து, பிறகு குடியுரிமை எடுத்தவள். அண்ணா எனக்குப் பின்னால் அகதியாகப் படகில் வந்தவர். ஒரே அம்மாவின் வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கும் இந்த நாட்டில் இரண்டு சட்டம். அவரைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். முதலில் ஒரு தீவில், பிறகு வடக்கே, பிறகு மெல்பேர்னில். மொத்தம் நாலரை வருடம். கடைசி முகாமுக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு கட்டிக்கொண்டு போவேன். சோற்றை உள்ளே விடமாட்டார்கள், கடையில் வாங்கிய பிஸ்கட்டைத்தான் விடுவார்கள். ஒவ்வொரு வாரமும் அது தெரிந்தும் கட்டிக்கொண்டு போவேன்.

வெளியே விடும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இந்த நாட்டின் சட்டம் எதையும் மீறமாட்டேன் என்ற தாள். மீறினால் மறுபடி உள்ளே. அன்றிலிருந்து அவருக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தற்காலிக விசாதான். அவர் மஞ்சள் விளக்கில்கூட வீதியைக் கடக்கமாட்டார். ரயிலில் டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருப்பார்.

உறைந்த மரக்கறி பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. குளிர் அறையில் பெட்டி தூக்கித் தூக்கி வலது தோளும் கழுத்தும் போய்விட்டன. ஞாயிறுகளில் கிரான்பர்னில் எங்கள் வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருக்கமாட்டார், கம்பளத்தில் நீட்டி நிமிர்ந்து கிடந்தபடி என் பிள்ளைகளோடு கதைப்பார். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. நித்திரை இல்லை. கடைசியில் அவருடைய வைத்தியர் ஒரு எண்ணெய் எழுதிக் கொடுத்தார். தலை சுற்றாத வகை, வேலைக்குப் போகலாம், நாக்குக்குக் கீழே விட வேண்டும்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன்.

"உது கஞ்சாவோ பிள்ளை?"

"ஓம் அண்ணா. ஆனா மருந்து. டொக்டர் தந்தது. சட்டப்படி."

"ஊரில உதை வச்சிருந்தா அடிச்சே முறிச்சிருப்பாங்கள்."

"இது ஊர் இல்லைத்தானே."

"தபால்ல அனுப்புவினமாம். ஆனா நான் வேலையில நிக்க வந்தா கையெழுத்து வைக்க ஆளில்லை. வீட்டில இருக்கிற மற்றப் பெடியள் பாத்தாலும் என்ன நினைப்பினமோ."

நான் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "நேர போய் எடுங்கோ. நான் கீறின கடை அண்ணா. ஐஞ்சு மாசம் அதிலதான் கிடந்தனான். உங்களுக்கும் காட்டின மாதிரி இருக்கும்."

அவர் சிரித்தார். "நீ கீறினதெண்டா போறன்" என்றார்.

இரண்டு கதவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கைகளைப் பற்றிச் சொன்னேன். சுவரின் நிறத்தைப் பற்றிச் சொன்னேன். கதவு எனக்கு ஞாபகமே வரவில்லை. அது ஏன் ஞாபகம் வரவில்லை என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. முகாமுக்கு நானும் அப்படியான கதவுகளால்தான் போய் வந்தேன். முதல் கதவு மூடும், நடுவில் நிற்போம், கமெராவைப் பார்ப்போம், இரண்டாவது கதவு சத்தம் போட்டுத் திறக்கும். அந்தக் கடைசி முகாமில் மட்டும் நூறு தடவைக்கு மேல் அப்படி நடந்திருப்பேன். ஐந்து மாதம் அதே கதவை என் கையால் வரைந்தேன். ஒருநாள்கூட எனக்கு அது தோன்றவில்லை.

புதன்கிழமை காலை பத்தரைக்கு மருந்தாளரிடமிருந்து அழைப்பு வந்தது.

"உடனே வர முடியுமா? உங்க அண்ணாதான்னு சொல்றார். ஒண்ணும் ஆகலை, பதறாதீங்க. ஆனா வாங்க."

பதினைந்து நிமிடத்தில் போய்விட்டேன். கடைக்கு முன்னால் பொலிஸ் கார் நின்றது. அண்ணா நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்தார், இரண்டு கையையும் முழங்காலுக்கு மேல் விரித்து வைத்தபடி. கைகள் தெரிய வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார் என்பது எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. ஒருவரும் அவரை அப்படி இருக்கச் சொல்லவில்லை. ஒரு இளம் பொலிஸ்காரி அவருக்கு அருகில் குனிந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணா "நோ மிஸ், சொறி மிஸ், சொறி மிஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். அண்ணா முதல் கதவைத் திறந்து நடுவில் வந்திருக்கிறார். கதவு பின்னால் மூடியிருக்கிறது. அந்த நேரம் கவுண்டரில் இருந்த பெண் தொலைபேசியில் ஒரு வைத்தியரோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று கையைக் காட்டியிருக்கிறார். அண்ணா பின்னால் திரும்பித் தெருக்கதவைத் தள்ளியிருக்கிறார். அதைத் திறக்கச் சுவரில் ஒரு பொத்தான் இருக்கிறது, அவர் அதைக் காணவில்லை, கைபிடியை இழுத்திருக்கிறார். பிறகு இரண்டாவது கதவின் கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்திருக்கிறார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தபோது ஒரு ஆண் கண்ணாடியில் அடிக்கிறான், வாய் திறந்திருக்கிறது, சத்தம் கேட்கவில்லை. ஆபத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். இரண்டு கதவும் பூட்டிக்கொண்டன. அவர் பின்னறைக்கு ஓடிப்போய் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மருந்தாளர் பெட்டக அறையில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தவர், வெளியே வந்து, கமெராவைப் பார்த்து, என்ன ஏது என்று புரிந்து, பூட்டை விடுவிக்க நாலு நிமிடம் ஆகியிருக்கிறது. அதற்குள் அண்ணா அடிப்பதை நிறுத்திவிட்டு நிலத்தில் அமர்ந்துவிட்டார். பொலிஸுக்குத் தானாகச் செய்தி போய்விட்டது.

பொலிஸ்காரி அண்ணாவின் பெயர், பிறந்த திகதி, விலாசம் எழுதிக்கொண்டார். குற்றம் ஒன்றும் இல்லை, பதிவுக்காக மட்டும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். "பதிவு" என்ற சொல் கேட்டதும் அண்ணாவின் தலை குனிந்தது.

அவரை என் காரில் ஏற்றினேன். இயந்திரத்தை இயக்கவில்லை. முன்னால் கடைத்தொகுதியின் குப்பைத் தொட்டிகள் நின்றன. அவருடைய சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"அண்ணா, அதில ஒரு வெள்ளைப் பெட்டி இருந்ததெல்லே? கையால அமத்தினா கண்ணாடி உடையும், கதவு திறக்கும். பெரிசா எழுதியிருக்கு."

"பாத்தனான்."

"பாத்தனீங்களோ?"

"ஓம். வாசிச்சனான். அவசரத்துக்கு உடைக்கவும் எண்டு இருந்தது." கையைத் துடைத்தார். "உடைச்சா கடைக்காரரின்ர சாமானை உடைச்சதாப் போகும். கமெராவும் இருக்கு. பிறகு அதுக்கு ஒரு கேஸ். நான் கையெழுத்து வச்சிருக்கிறன் பிள்ளை."

"அது உடைக்கிறதுக்குத்தான் அண்ணா வச்சிருக்கு."

"உனக்கு அது உடைக்கிறதுக்கு வச்சிருக்கு," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அவர்தான் கையை நீட்டி என் தோளில் வைத்து, "விடு, ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்றார். பிறகு, வேலைக்கு அரை நாள்தான் லீவு சொன்னது, தொழிற்சாலையில் இறக்கிவிடு என்றார். இறக்கிவிட்டேன். அவருடைய எண்ணெய், எடுக்காமல், கடையிலேயே இருந்தது.

அன்று பிற்பகல் மறுபடி கடைக்குப் போனேன். கவுண்டர்ப் பெண் பின்னறையில் இருந்தார். கண் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நான் அவருடைய முகத்தைப் பார்க்கவேயில்லை," என்றார். "கையை மட்டும்தான் பார்த்தேன். அவர் பயந்துபோயிருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் கொல்ல வருகிறார் என்று நினைத்தேன்."

நான் அவரை ஏசத்தான் போயிருந்தேன் என்று நினைக்கிறேன். அவர் நடுங்கியதும் அண்ணா நடுங்கியதும் ஒரே மாதிரி இருந்தன. நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மருந்தாளர் நல்லவர். அடுத்த நாளே ஆலோசகரையும் காப்புறுதிக்காரரையும் கணினித் திரையில் கூட்டிவைத்தார். நான் மூன்று மாற்றம் வரைந்து வைத்திருந்தேன். ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் தெருக்கதவு மட்டும் திறந்துகொள்வது. இல்லையேல் பகலில் முதல் கதவைத் திறந்தே வைப்பது. இல்லையேல் வாசலில் ஒரு ஆளை நிறுத்துவது.

ஆலோசகர் பொறுமையாகக் கேட்டார். "நடந்தது வருத்தமானது," என்றார். "ஆனால் அமைப்பு எப்படி வேலை செய்ய வேண்டுமோ அப்படித்தான் வேலை செய்தது. பணியாளர் பாதுகாப்பாக இருந்தார். உள்ளே இருந்தவருக்கு வெளியேற வழி இருந்தது. கண்ணாடிப் பெட்டி உடையாமல் அப்படியே இருக்கிறது, நான் காணொளியில் பார்த்தேன். அவர் அதைப் பயன்படுத்தவில்லை."

"பயன்படுத்த முடியாதவர்கள் இருக்கிறார்கள்," என்றேன்.

"அதற்காகத்தானே எழுத்தைப் பெரிதாகப் போட்டீர்கள்?"

காப்புறுதிக்காரர், முதல் இரண்டு மாற்றத்தில் எதைச் செய்தாலும் காப்புறுதி நின்றுவிடும் என்று மட்டும் சொன்னார். பரிசோதகருக்கு எழுதினேன். அவர் விதிகளின் இலக்கங்களோடு இரண்டு வரி எழுதினார். எல்லாம் விதிப்படி இருக்கிறது. யாரிடமும் பிழை இல்லை. பிழை இருந்திருந்தால் திருத்தியிருக்கலாம்.

மருந்தாளர் வாசலில் ஒரு ஆளைப் போட்டார். வருகிறவர்களுக்கு இரண்டு கதவையும் பற்றிச் சொல்லி, கூடவே நடந்து உள்ளே அழைத்து வருகிற ஆள். ஏழு வாரம் இருந்தார். பிறகு கட்டுப்படியாகவில்லை, நிறுத்திவிட்டார். அதைச் சொல்ல மருந்தாளரே என்னைக் கூப்பிட்டார்.

"நான் உங்க முகத்தைப் பாத்துதான் சொல்லணும்னு நினைச்சேன்," என்றார். "அவருக்கு மருந்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன். வாரா வாரம் அந்த வழியாத்தான் போறேன். நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அண்ணாவிடம் கேட்டேன். "ஐயோ, அவரை அலைக்கழிக்காதே," என்றார். "எனக்கு இப்ப பரவாயில்லை." பரவாயில்லை என்று சொன்னபோது இடது கையால்தான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருந்தார். நான் அவருக்குப் பதிலாகப் போய் எடுத்து வரலாம், அதற்கு ஒரு அனுமதிக் கடிதத்தில் அவர் கையெழுத்து வைத்தால் போதும் என்றேன். கையெழுத்து என்றதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. பழைய மாத்திரைக்கே திரும்பிவிட்டார். வயிற்றுக்கு இன்னொரு மாத்திரை சேர்ந்தது.

அலுவலகத்தில் அடுத்த வேலை வந்தது. மருந்தாளருக்குத் தெரிந்த ஒருவர் சிட்னியில், மெரிலேண்ட்ஸில், அதே மாதிரி ஒரு கடை போட விரும்பினார். அதே காப்புறுதி நிறுவனம். மெல்பேர்ன் கடையைப் பார்த்து அப்படியே வேண்டும் என்றார். நான் முதலாளியிடம் என்னால் இதைச் செய்ய முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன்.

"சரி, உன்னைக் கட்டாயப்படுத்தமாட்டேன்," என்றார். வேலையை இன்னொருவரிடம் கொடுத்தார். அவருக்குப் புதிதாக எதையும் வரைய வேண்டியிருக்கவில்லை. என் கோப்பைத் திறந்து, சுவரின் நீளத்தை மட்டும் மாற்றினார். ஒருநாள் என் மேசைக்கு வந்து, "நடுவில் விளக்கு எந்த வகை போட்டாய்? நன்றாக இருக்கிறதே" என்று கேட்டார். பொய் சொல்ல எண்ணினேன். சொல்லவில்லை. விளக்கின் இலக்கத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். இப்போது அந்தக் கடை திறந்துவிட்டது. அங்கே யார் யார் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மெரிலேண்ட்ஸில் என் அண்ணாவைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும்.

சென்ற மாதம் அண்ணாவின் விசாவைப் புதுப்பிக்கிற நாள் வந்தது. படிவம் கணினியில்தான். வழக்கமாக நான்தான் நிரப்புவேன். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடித்து, பிள்ளைகள் வெளியே விளையாட, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். அவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கேள்வியையும் விரலால் தொட்டு வாசித்தார். பொலிஸ் சம்பந்தப்பட்ட ஒரு கேள்வி வந்தது. வழக்கு, குற்றச்சாட்டு, தண்டனை ஏதாவது உண்டா என்று. நான் "இல்லை" என்பதை அழுத்தப் போனேன்.

"பொறு," என்றார். "அண்டைக்கு பேர் எழுதினவைதானே."

"அது வழக்கு இல்லை அண்ணா. அந்தப் பொலிஸ் பிள்ளையே சொன்னது. உங்களில ஒரு பிழையும் இல்லையெண்டு."

"இல்லையெண்டு போட்டு, அவை அங்க எழுதி வச்சிருந்தா? பொய் சொன்னவன் எண்டு வரும்."

"வராது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. அண்ணாவின் விசா விஷயத்தைப் பார்க்கிற வழக்கறிஞருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, குரல் பதிவுதான் வந்தது. அவருக்கு இலவசமாகப் பார்க்க இருநூறு முன்னூறு பேர் இருக்கிறார்கள், திங்களும் கிடைக்கமாட்டார். படிவம் அன்று போயாக வேண்டும். அரை மணி நேரம் சொல்லிப் பார்த்தேன். என் கணவரும் வந்து சொல்லிப் பார்த்தார். அண்ணா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், பிறகு அதையேதான் மறுபடி சொன்னார்.

கடைசியில் "இல்லை" என்று போட்டுவிட்டு, கீழே மேலதிக விபரம் எழுதுகிற பெட்டியில் நடந்ததை எழுதுவது என்று முடிவானது. அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் தட்டினேன்.

"மருந்து எடுக்கப் போனன் எண்டு எழுது. டொக்டர் தந்த மருந்து எண்டு எழுது. கதவு பூட்டுப்பட்டுட்டுது. எனக்கு மூச்சு முட்டினது. கண்ணாடியில கையால தட்டினனான். அடிச்சனான் எண்டு எழுதாதே, தட்டினனான். ஒருத்தரையும் ஏசேல்லை. பொலிஸ் கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னனான்."

"சரி."

"ஒண்டையும் உடைக்கேல்லை எண்டு எழுது."

எழுதினேன். அதை வாசித்துக் காட்டச் சொன்னார். தமிழில் திருப்பிச் சொன்னேன். கடைசி வரியைத் தனி வரியாகப் போடச் சொன்னார். போட்டேன். அனுப்புகிற பொத்தானை அவரே அழுத்தினார்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்துக் கேட்கிறார், ஏதும் வந்ததோ என்று. இன்னும் இல்லை அண்ணா என்கிறேன்.